இன்று வரை செல்லும்

கண்ணாடியின் இடது மூலையில்
ஓராண்டாய் வெளுத்துக் கிடந்தது தாள்.
டம்பதென்னவுக்கு ஏறிய வெள்ளைக்காரி
அது என்னவென்று விரல் நீட்டியபோதுதான்
திகதியைப் பார்த்தேன்.
இன்று.
வெள்ளிக்கிழமை வேறு.

வருமான உத்தரவுப் பத்திரம்.
பெயரில் மட்டும் வருமானம்.
புஷ்பலீலாவின் கொழுந்துச் சம்பளம் பத்தாம் திகதி,
அதற்கு இன்னும் எட்டு நாள்.
அரிசி டின்னுக்கு அடியிலிருந்து சீட்டுக்காசை
கேள்வி கேட்காமல் எடுத்துத் தந்தாள்.
கேள்வியை இரவுக்கு வைத்திருக்கிறாள்.

பண்டாரவளையில் புகைப் பரிசோதனை.
மலை முழுக்க மூட்டம்,
எதிரே வரும் பஸ்
வெறும் ஹார்னாக வருகிறது,
என் ஆட்டோவின் புகையை மட்டும்
குழாய் சொருகி அளந்தார்கள்.
பெயில்.
எதிர்க் கராஜில் நிசாந்த
ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டினான்:
தேயிலைத் தூசு, செம்மண்,
பாதிச் சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி.
இரண்டாம் முறை தேறிவிட்டேன்.
சாதாரண தரத்தில் கணக்குப் பாடமும்
எனக்கு இரண்டாம் முறைதான்.

இன்சூரன்ஸ் றிஸ்வான் ஜும்மாவுக்குப் போயிருந்தார்.
வாசற்படியில் அவருடைய பூனையும் நானும்.
பள்ளிவாசல் விட்டு வருகிறவர்கள்
செருப்புத் தேட இத்தனை நேரம் எடுப்பார்களென்று
அதுவரை நான் கவனித்ததில்லை.
தொப்பியைக் கழற்றாமலே டைப் அடித்தார்.
"நேத்தே வந்திருக்கலாமே தம்பி."
நேற்றும் இதே வழியால்தான் ஓடினேன்.

அப்புத்தளை ரயில் கடவையில்
கேட் என் முகத்துக்கு நேரே விழுந்தது.
நீல ரயில்.
கதவுகளில் தொங்கிக்கொண்டு போனவர்கள்
கையசைத்தார்கள்.
நானும் அசைத்தேன், பழக்கதோஷம்.
மணி இரண்டு நாற்பத்தெட்டு.

பிரதேச செயலகத்தில் திலினி மிஸ்
கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.
"சிஸ்டம் டவுன். திங்கள் வாங்க."
மழை பெய்தால் படுத்துவிடும் சிஸ்டம்,
காற்றடித்தாலும் படுத்துவிடும்.
இந்த ஊரில் வேறென்ன நடக்கிறது?
வரிசையில் ஏழு பேர்.
லீக்ஸ் லொறிக்காரர் வீரமலை சொன்னார்:
"எங்கப்பா முப்பது வருசம்
நாடே இல்லாம இருந்தாரு.
என் லொறி ரெண்டு நாளு
பேப்பர் இல்லாம இருந்தா என்னா?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு யாரோ தொடங்கி எல்லோரும் சிரித்தோம்.
திலினி மிஸ்ஸுக்குத் தமிழ் விளங்கும்.
அவர் சிரிக்கவில்லை.
கைப்பையை இறக்கி மேசையில் வைத்தார்.

மூன்று ஏழுக்கு
அச்சு இயந்திரம் இருமியது.

வாசலில் வைத்தே பழைய தாளை நகத்தால் சுரண்டினேன்.
அதன் கீழே கண்ணாடி கழுவிவிட்டதுபோல்.
ஓராண்டாய் நான் பார்க்காத சின்னச் சதுரத்தில்
ஒரு பைனஸ் மரம்,
அதன் கீழே நனைந்துகொண்டிருந்த ஒரு கழுதை.
புதுத் தாளை அதன்மேல் ஒட்டினேன்.

கோயில் வளைவில் பொலிஸ்காரர் கை காட்டினார்.
வாழ்க்கையில் முதல்முறையாக
அவர் காட்டுவதற்கு முன்பே பிரேக்கை மிதித்தேன்.
திகதியை விரலால் தொட்டு வாசித்தார்.
பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.
"இன்னைக்கா எடுத்தது?"
"இன்னைக்கேதான் சேர்."
டயரைப் பார்த்தார்.
சிக்னல் லைட்டைத் தட்டினார்.
ஹார்னை அடிக்கச் சொன்னார், அடித்தேன்,
தேவைக்கு அதிகமாக.
ஒன்றும் அகப்படாத வருத்தத்தோடு
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.
கடைச் சந்தியில் இறங்கினார்.
வாடகை கேட்கவில்லை.
முழுசாய் ஒரு வருஷம்
சட்டப்படி இருக்கப்போகிறவன்
ஒரு மைல் தாராளமாய் இருக்கலாம்.

வீட்டில் புஷ்பலீலா
தாளைப் பார்க்கவே இல்லை.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து நீட்டினாள்:
"மிச்சம்?"